இடது மூலை

பந்து இடது மூலைக்குப் போனது. அங்கே யாரும் இல்லை. கோட்டைத் தாண்டி, சுவரோரம் வைத்திருந்த தண்ணீர் கேனை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, மெல்ல உருண்டு நின்றது. எறிந்தவள் எறிந்த கையை இன்னும் கீழே இறக்கவில்லை. பயிற்சிக்கு வந்திருந்த பன்னிரண்டு பேரும் ஒரு கணம் அந்த மூலையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேராமல் இருக்க, சிலர் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினார்கள், சிலர் தலைக்கு மேல் தொங்கிய விசிறிகளை எண்ணினார்கள். கோச் விசிலை வாயில் வைத்தபடியே நின்றாள். ஊதவில்லை.

"புதுசு, நீ எங்க நிக்கணும்?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. எட்டு மாதமாக அந்தக் குரலில் எதுவுமே இல்லை.

"மூலைல, அக்கா."

"இப்ப எங்க நிக்கிற?"

புதுசு வளையத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே ஒரு சந்து தெரிந்திருக்கிறது, கால் தன்னால் புகுந்துவிட்டது. அதைச் சொன்னால் சப்பைக்கட்டு கட்டுவதுபோல் ஆகிவிடும் என்று வாயைத் திறக்காமல் மூலைக்கு நடந்தாள். கோச் விசில் ஊதினாள். முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

அது ஒரு மின்விசிறிக் கம்பெனியின் பெண்கள் கூடைப்பந்து அணி. ஊருக்கெல்லாம் காற்று விற்கும் கம்பெனி, தன் ஆட்டக்கூடத்தில் மட்டும் சோதனையில் தேறாத விசிறிகளாகப் பார்த்து மாட்டியிருந்தது. அவை போடும் சத்தத்துக்குக் குறைச்சலில்லை, காற்றுக்குத்தான் பஞ்சம். ஆட்டக்காரிகள் காலையில் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் இங்கே வந்து வியர்ப்பார்கள். கோச்சும் அப்படித்தான். முப்பத்தொன்பது வயது, ஒரு காலத்தில் இதே அணிக்கு ஆடியவள். அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த விளையாட்டுச் செயலாளர்கூட, வாய் தவறி ஆரம்பித்து, பிறகு விடவே இல்லை.

அதற்குக் காரணம் அவளுடைய சொந்தத் தங்கை. ஆறு வருடத்துக்கு முன்பு அவள் அணியில் சேர்ந்த முதல் நாள், ஆடுகளத்தின் நடுவில் நின்று "அக்கா, நான் எங்க நிக்க?" என்று கத்தினாள். அன்றிலிருந்து இவள் ஊருக்கே அக்கா, அவள் ஊருக்கே தங்கச்சி. அவளைவிடச் சின்னப் பெண்களும் அவளைத் தங்கச்சி என்றார்கள். எதிரணிக்காரிகளும் சொன்னார்கள். "தங்கச்சிய விடாத, தங்கச்சிய விடாத" என்று எதிரணி கோச் கூச்சல் போடுவது ஒவ்வொரு ஆட்டத்திலும் கேட்கும்.

அன்று அக்கா சொன்ன பதில்: "மூலைல நில்லு." தங்கச்சி இடது கைக்காரி. இடது மூலையில் நின்று அவள் எறிந்தால், பந்து தடுக்க வருபவளின் கைக்கு எட்டாத பக்கத்தில் இருக்கும். அந்த ஒன்றை வைத்து அக்கா ஒரு ஆட்டத்தையே கட்டினாள். நாலு பேரும் வலது பக்கம் திரண்டு பந்தைச் சுற்றவிடுவார்கள், எதிரணி மொத்தமும் அந்தப் பக்கம் சாயும். அப்போது நடுவில் நிற்பவள் வலது தோளை ஒரு சாய்ப்புச் சாய்த்து, திரும்பிப் பார்க்காமல் பந்தை இடது மூலைக்கு அனுப்புவாள். பார்த்தால் காட்டிக்கொடுத்தமாதிரி ஆகிவிடும். பார்க்காமல் எறிவதற்கே ஒரு வருடம் பழக்கினாள். தங்கச்சி அங்கே இருப்பாள், அவ்வளவுதான். இரண்டு எறிந்தால் ஒன்று உள்ளே. அந்த ஆட்டத்துக்கு மூலை என்றே பெயர். அதை வைத்து மூன்று கோப்பை வாங்கினார்கள்.

நடுவில் நின்று பந்தை நடத்துகிறவளுக்கு ரேடியோ என்று பெயர், வாய் ஓயாது. தடுக்க நிற்பவளிடம் "உங்க வீட்ல இன்னைக்கு என்ன சமையல்?" என்று விசாரித்துக்கொண்டே பந்தை நகர்த்திவிடுவாள். இந்த எட்டு மாதமாக ரேடியோவும் அணைந்தே கிடந்தது.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பயிற்சிக்குக் கிளம்ப ஷூ போட்டுக்கொண்டிருந்தபோது தங்கச்சி தலையைப் பிடித்துக்கொண்டு "அக்கா, வலிக்குது" என்றாள். மூளையில் ஏதோ ஒரு குழாய் வெடித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு காலில் ஷூ இருந்தது. முப்பத்தொரு வயது.

அக்கா அழவில்லை. அம்மா அழுதாள், அணி அழுதது, பேங்க் அணியின் நெட்டைகூட வந்து வாசலிலேயே நின்று அழுதாள். நெட்டை ஆறு வருடமாகத் தங்கச்சியைத் தடுக்கிற வேலையைத்தான் பார்த்தவள். ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொள்வார்கள், ஆட்டம் முடிந்ததும் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிப்பார்கள். அவளுக்கும் அக்காதான் ஆறுதல் சொல்லி அனுப்பினாள். நாலாம் நாள் வேலைக்குப் போனாள். கல் மனசுக்காரி என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை. அழுகை வரும் வரும் என்று கொஞ்ச நாள் எதிர்பார்த்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

காலையில் அவளுக்கு விசிறி இறக்கைகளை ஜோடி சேர்க்கும் பிரிவில் வேலை. ஒவ்வொரு இறக்கையையும் தராசில் வைத்து, எடை ஒத்துப்போகிற மூன்றை ஒரு கட்டாகக் கட்டவேண்டும். ஒன்று இரண்டு கிராம் கூடினாலும் விசிறி ஆடும். ஜோடி கிடைக்காத இறக்கைகளுக்கு மேசைக்கு அடியில் தனியாக ஒரு பெட்டி. வேலைக்குப் புதிதாக வருபவர்கள் எடை கூடின இறக்கையைச் சுரண்டி ஒப்பேற்றப் பார்ப்பார்கள். சுரண்டாதீங்க, அதுக்கேத்த ரெண்டைத் தேடுங்க என்று பதினைந்து வருடமாக அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாள். சொல்லும்போது அவளுக்கு வேறு எந்த நினைப்பும் வந்ததில்லை.

வீட்டில் இரண்டே அறை. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஆட்டப் பலகை, அதில் எண் எழுதிய காந்தப் பொட்டுகள். சாப்பிடும்போது தங்கச்சி எச்சில் கையை மடக்கிக்கொண்டு மற்றக் கையால் அவற்றை நகர்த்தி, இப்படிச் செஞ்சா என்ன, அப்படிச் செஞ்சா என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவள் எண்ணான ஒன்பது மட்டும் இடது மூலையை விட்டு நகராது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது. அம்மா தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனில் சாப்பிட்டியா என்று கேட்பாள். சாப்பிட்டேம்மா என்பாள். சில நாள் அது உண்மையாகவும் இருக்கும்.

கடைசி ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு விளையாட்டுச் செயலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கெட்ட சேதி சொல்வதற்கு முன் எதிரே இருப்பவரை உட்காரவைத்து டீ வரவழைத்துவிடுவார் என்பதால், அவர் அறையில் டீ குடிக்க யாருக்கும் ஆசை இருந்ததில்லை. டீ வந்தது. ஒன்பது ஆட்டத்தில் ஏழு தோல்வி. பேங்க் அணியிடமும் தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்கவேண்டும். இரண்டாம் பிரிவு அணியைக் கம்பெனி வைத்துக்கொள்ளாது, கலைத்துவிடுவார்கள், பெண்கள் முழு நேர வேலைக்குத் திரும்பவேண்டியதுதான். இதையெல்லாம் அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். பிறகு ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். தங்கச்சியின் இடத்துக்கு எடுத்த புதுசு, தன் பழைய அணியில் ஆட்டத்துக்கு இருபது புள்ளி எடுத்தவள். இங்கே நாலு.

"அவ மூலைல நிக்க மாட்டேங்குறா, சார்."

"நிக்கிற பொண்ணு இல்லக்கா அது. ஓடுற பொண்ணு." அவர் டீயை ஆற்றினார், ஆறிப்போன டீயை. "நாம இருக்கிற ஆளை வச்சு ஆடலை. இல்லாத ஆளை வச்சு ஆடிக்கிட்டிருக்கோம். நான் சொல்லக்கூடாது. ஆனா வேற யாரும் சொல்லவும் மாட்டாங்க."

அவள் தலையாட்டிவிட்டு எழுந்தாள். அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. தெரிந்தது தெரிந்த இடத்திலேயே நின்றது, உள்ளே இறங்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய்ப் பலகை முன்னால் நின்றாள். பதினாலு புதுசின் எண். அதை எடுத்து இடது மூலைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒன்பது இருந்தது. ஒன்பதை எடுத்தால்தான் இதை வைக்கமுடியும். கொஞ்ச நேரம் பதினாலைக் கையிலேயே வைத்திருந்தாள். போன் அடித்தது. மேசைமேல் வைத்துவிட்டு, சாப்பிட்டேம்மா என்றாள்.

கடைசி ஆட்டம் சனிக்கிழமை மதியம், நகரசபையின் உள்ளரங்கத்தில். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு கோச்சும் பன்னிரண்டு பேரின் பெயரும் எண்ணும் எழுதி, முதலில் இறங்குகிற ஐந்து பேருக்கு நேரே பெருக்கல் குறி போட்டு, புள்ளி குறிப்பவர்களின் மேசையில் கொடுக்கவேண்டும். இத்தனை வருடத்தில் எத்தனையோ தாள் எழுதியவள் அவள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவாள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்து பெஞ்சில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தபோது, மேசையில் இருந்த கண்ணாடிக்காரர் தாளோடு எழுந்து வந்தார்.

"மேடம், ஒம்பதாம் நம்பர் எங்க? முதல் அஞ்சுல போட்டிருக்கீங்க, ஆளைக் காணோமே. பதினாலு போட்டுட்டு ஒரு பொண்ணு ஆடிக்கிட்டிருக்கு, அது பேரே தாள்ல இல்ல."

அவர் இந்த வருடம்தான் அந்த வேலைக்கு வந்தவர். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் குரலுக்குப் பந்து தட்டும் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்துதான். தங்கையின் முழுப் பெயர், இனிஷியலோடு, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். நேரே பெருக்கல் குறி. எழுதியது நினைவில்லை. முகம் சுடும் என்று எதிர்பார்த்தாள், சுடவில்லை. காகிதம் காகிதமாகத்தான் இருந்தது.

"திருத்திக் குடுத்துடுங்க, இன்னும் நேரம் இருக்கு" என்றார் கண்ணாடிக்காரர்.

புதுசு பக்கத்திலேயே நின்றிருந்தாள். இந்தப் பருவம் முழுவதும் அவளை எங்கே நிற்கிறாய் என்று கேட்டதை வைத்துப் பார்த்தால் அவள் கோபப்பட்டிருக்கலாம். அவள் சொன்னது இதுதான்: "அக்கா, வேணும்னா நான் பெஞ்சுலயே இருக்கேன்."

பதில் சொல்வதற்காக அக்காவுக்கு அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்க்கவேண்டியிருந்தது. மூக்கில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. ஏழெட்டு மாதம் பழகியும் அதை இன்றுதான் பார்க்கிறாள். பெயரை அடித்தாள். ஒரே கோடு. மேலே புதுசின் பெயரை எழுதினாள். ஒன்பது ஆட்டத்துக்கு எழுதிய பெயர்தான், இருந்தும் இனிஷியல் என்ன என்று அவளிடமே கேட்கவேண்டியிருந்தது.

முதல் பாதியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தாள் விஷயத்துக்குப் பிறகு புதுசு ஆணி அடித்தமாதிரி மூலையிலேயே நின்றாள். ரேடியோ பார்க்காமல் எறிந்தாள், பந்து வந்தது, புதுசு வளையத்தைப் பார்த்து எறிந்தாள், மூன்று தடவையும் வெளியே. பேங்க் அணி ஆளைத் துரத்தாமல் ஆளுக்கொரு இடத்தைக் காத்து நின்றது. விசிறிக் கம்பெனியோடு ஆடும்போது மட்டும் அவர்கள் அப்படித்தான் நிற்பார்கள், எல்லாம் அந்த மூலைக்குப் பயந்து செய்துகொண்ட ஏற்பாடு. நடுவையும் மூலையையும் சேர்த்துக் காப்பது நெட்டை. பதினோரு புள்ளி பின்னால் இருக்கும்போது அக்கா புதுசை வெளியே கூப்பிட்டு வேறொருத்தியை அனுப்பினாள். வந்தவள் பதற்றத்தில் தானும் வலது பக்கமே போய்ச் சேர்ந்துகொண்டாள். இடது மூலை காலியாகிவிட்டது.

ரேடியோ தோளைச் சாய்த்தாள். இந்தத் தடவை, என்னவோ, எறிவதற்கு முன் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பந்தைக் கையிலேயே நிறுத்திக்கொண்டாள். ஆனால் நெட்டை அதற்குள் பாய்ந்துவிட்டாள். நடுவை அப்படியே போட்டுவிட்டு நாலே எட்டில் மூலைக்குப் போய், இரண்டு கையையும் உயரத் தூக்கி, யாருமில்லாத இடத்தை மறித்து நின்றாள். அவள் விட்டுவந்த இடம் வளையம்வரை திறந்து கிடந்தது. யாரும் அதில் போகவில்லை. ஒரு நொடி, ஒன்றரை நொடி. நெட்டை கையை இறக்கிக்கொண்டு திரும்பி ஓடினாள். அக்காவைத் தவிர அரங்கத்தில் யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தெரிந்திருக்காது.

இடைவேளையில் அக்கா, வீட்டுச் சுவரிலிருந்து கழற்றி வந்திருந்த பலகையை மடியில் வைத்துக்கொண்டாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். ரேடியோவையும் சேர்த்து நாலு பேரை வலது பக்கம் வைத்தாள். பதினாலை எடுத்து, அவர்களுக்குப் பின்னால், நடுவுக்கு நேராக வைத்தாள். ஒன்பது இடது மூலையில் இருந்தது. அதைத் தொடவில்லை.

ரேடியோ பலகையைப் பார்த்தாள். "ஆறு பேரு இருக்குக்கா" என்றாள், மெதுவாக.

"இருக்கட்டும்."

அக்கா விரலால் காட்டிக்கொண்டே போனாள். ரேடியோ எப்போதும்போல் தோளைச் சாய்க்கவேண்டும், எறியக்கூடாது. பந்தைப் பின்னால் வருகிற புதுசு கையில் கொடுத்துவிடவேண்டும். புதுசு நிற்கவே வேண்டாம், திறந்திருக்கிற வழியில் நேராகப் போகவேண்டியதுதான்.

"மூலைக்கு யாருக்கா போறது?" என்று புதுசு கேட்டாள். இன்னும் அவளுக்குப் பயம் தெளியவில்லை.

"யாரும் போக வேணாம். அவ இருக்கா. நெட்டை அவளப் பாத்துக்குவா."

சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். செத்துப்போனவளைக் காட்டி ஆளை ஏமாற்றுவது நியாயமா என்று ஒரு எண்ணம் வந்தது. தங்கச்சியாக இருந்தால் என்ன சொல்வாள் என்று யோசித்தாள். வாய்விட்டுச் சிரித்திருப்பாள், நெட்டையிடமே போய்ச் சொல்லிக்காட்டிச் சிரித்திருப்பாள். அதில் சந்தேகமே இல்லை.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறும். இப்போது அந்த இடது மூலை அவர்களுடைய பெஞ்சுக்கு அருகிலேயே வந்துவிட்டது. ரேடியோ தோளைச் சாய்த்தாள், நெட்டை மூலைக்குப் பாய்ந்தாள், புதுசு நடுவில் புகுந்து பந்தை வளையத்துப் பலகையில் தட்டி உள்ளே போட்டாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவளை யாரும் எங்கே நிற்கிறாய் என்று கேட்கவில்லை. மறுபடி அதே. மறுபடியும். பதினொன்று ஏழாயிற்று, நாலாயிற்று. ரேடியோ தன்னைத் தடுப்பவளிடம் ஏதோ கேட்க ஆரம்பித்திருந்தாள், சமையலாகத்தான் இருக்கும்.

பேங்க் அணி கோச்சுக்குப் பொறுக்கவில்லை. கோட்டோரம் வந்து நின்று கத்தினார். "யாரைப் புடிக்கிற அங்க? ஆளே இல்ல அங்க! கண்ணத் தொறந்து பாரு!"

நெட்டை அப்போது மூலையில்தான் நின்றிருந்தாள், கை மேலே இருந்தது. குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். அங்கே தேய்ந்த கோடும் கொஞ்சம் வியர்வையும்தான் இருந்தன. பிறகு நிமிர்ந்தாள். பெஞ்சுக்கும் அவளுக்கும் நாலடிதான் தூரம். அக்காவைப் பார்த்தாள். அந்த முகம் என்ன சொன்னது என்று அக்காவால் பிரித்துச் சொல்லமுடியாது. ஏமாந்த முகம் இல்லை. அந்த மூலையைத் தான் ஒருத்திதான் எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அக்கா நினைத்திருந்தாள்.

விசில் அடித்தது. பந்து மறுபக்கம் போய், தவறி, திரும்பி வந்தது. நாலு பேரும் வலது பக்கம் திரண்டார்கள். இனி நெட்டை வரமாட்டாள், சொல்லிவிட்டார்கள், அவளுக்கும் தெரிந்துவிட்டது, வேறு ஏதாவது யோசிக்கவேண்டும் என்று அக்கா பெஞ்சைவிட்டு எழுந்தாள். உள்ளங்கையில் ஏதோ உறுத்தியது. விரித்துப் பார்த்தாள், ஒன்பது. பலகையிலிருந்து எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. காந்தத்தின் விளிம்பு தோலில் பதிந்து வட்டமாகச் சிவந்திருந்தது, வலித்தது.

ரேடியோ தோளைச் சாய்த்தாள். நெட்டை நடுவிலேயே நின்றாள். பிறகு அவள் கால்கள் கிளம்பின. அவளுடைய கோச் கத்தக் கத்த, நாலே எட்டில் வந்து, அக்காவுக்கு முதுகைக் காட்டி, யாருமில்லாத அந்த மூலைக்கு முன்னால் இரண்டு கையையும் மெல்ல உயர்த்தினாள்.